லண்டனுக்குப் போய் உட்கார்ந்து வந்தது

லண்டனுக்கு நான் போனது உட்காருவதற்காக. வேறு வேலை எதுவும் இல்லை.

என் தங்கை சுமதி அங்கே இருக்கிறாள். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது. காது குத்த வேண்டும். எங்கள் வழக்கத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ளும். தாய்மாமன் நான். சீர் வரிசையைப் பார்சலில் அனுப்பலாம். மடியை அனுப்ப முடியாது. அதனால் மடியோடு நானும் போனேன்.

சிக்கல் என் வலது முட்டி. டிரெய்லரில் இருந்து மல்லாட்டை மூட்டை இறக்கும்போது விழுந்துவிட்டேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். முட்டிக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். முட்டி மடங்கும். ஆனால் யோசித்து மடங்கும். வேங்கிக்கால் டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ரொம்ப நேரம் மடக்கியே வைத்தால் வீங்கும். ரொம்ப நேரம் நீட்டியே வைத்தால் இறுகும். மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆறடிக்கு மேல் உயரம். நீட்டுவதற்கு மற்றவர்களைவிட ஜாஸ்தி இருக்கிறது.

சுமதி புருஷன் பிரபு நல்ல பையன். போனில் பக்குவமாகப் பேசினான். "மச்சான், கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க. ரமேஷ் இங்கதான இருக்கான். அவன் உட்காந்துடுவான்."

ரமேஷ் எங்கள் சின்னம்மா மகன். லண்டனில் ஒரு மளிகைக் குடோனில் வேலை. அவனும் முறைக்கு மாமன்தான். ஆனால் கூடப் பிறந்தவன் நான். ஒரு தடவை இன்னொருத்தன் மடியில் குத்தினால் குத்தினதுதான். காதை மூடிவிட்டு மறுபடி குத்த முடியாது. கஷ்டமில்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

அன்றிலிருந்து பயிற்சி. பாய் விரித்து சம்மணம் போடுவேன். என் வீட்டுக்காரி கஸ்தூரி ஒரு சின்ன மல்லாட்டை மூட்டையைத் தூக்கி மடியில் வைப்பாள். மூட்டைக்கும் இரண்டு பக்கம் காது உண்டு. அதை அவள் நகத்தால் கிள்ளுவாள். நான் மூட்டை திமிறாமல் பிடித்துக்கொள்வேன். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்கள் விளக்கம் சொல்லவில்லை. கடைசியில் முட்டி மடங்கியது. மூட்டை ஒரு தடவைகூட அழவில்லை.

விமானத்தில் முன்பக்கம் பெரிய சீட்டு இருக்கிறதாம். காலை நீட்டிப் படுக்கலாமாம். அதில் எடுத்துத் தரவா என்று பிரபு கேட்டான். விலையைச் சுமதியிடம் கேட்டேன். அந்த விலைக்கு எங்கள் பக்கம் பழைய டிராக்டர் ஒன்று கிடைக்கும், ஓடுகிற நிலையில். டிராக்டரிலும் காலை நீட்டலாம். சாதா சீட்டே போதும் என்றேன்.

கிளம்பிய நாள் பௌர்ணமிக்கு மறுநாள். இது என் தப்பு இல்லை, முகூர்த்தம் பார்த்தவர் தப்பு. மலை சுற்றி முடித்த மொத்த ஜனமும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்றது. மொத்தப் பேரும் சென்னைக்கு.

எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரனுடையது. அவன் ஏறி வருகிறவரை அதில் யாரும் உட்கார மாட்டான். கர்ப்பஸ்திரீ நின்றுகொண்டு வருவாள், துண்டு உட்கார்ந்துகொண்டு வரும். இதை எவனும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினவன் பல்லோடு திரும்பியதில்லை.

கஸ்தூரி குறி தவறாதவள். ஓடுகிற பஸ்ஸில் என் துண்டை வீசினாள். அது கடைசி வரிசை நடு சீட்டில் போய் விழுந்தது. பஸ்ஸில் அதுதான் ராஜா சீட்டு. எதிரில் நடைபாதை. கால் நீளும். தூக்கித் தூக்கிப் போடும், அவ்வளவுதான் குறை.

எனக்குப் பக்கத்து சீட்டுக்கு ஒரு தகராறு. ஒருத்தர் துண்டு இல்லாததால் செருப்பைப் போட்டிருந்தார். செருப்பு செல்லுமா செல்லாதா என்று கண்டக்டரிடம் பஞ்சாயத்து வந்தது. கண்டக்டர் யோசித்துவிட்டு, ஜோடியாகப் போட்டிருந்தால் செல்லும், ஒற்றைச் செருப்பு செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். செருப்புக்காரர் மறுபேச்சு பேசவில்லை. ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு செஞ்சிவரை நின்றார். மற்ற செருப்பு எங்கே என்று நான் கேட்கவில்லை. செஞ்சியில் ஏறியவர்கள் எல்லாரும் என் காலை ஒரு தடவை மிதித்தார்கள். நல்லதுதான். மிதிக்கும்போதெல்லாம் மடக்கினேன்.

விமான நிலையத்தில் பிரபு சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தான். தள்ளியவர் செங்கல்பட்டுக்காரர். கோயிலில் சிறப்பு தரிசனத்துக்குப் போகிற மாதிரி எல்லா வரிசையையும் தாண்டிக் கூட்டிப் போனார். விமானத்தின் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே ஏறிய முதல் ஆள் நான்தான்.

நுழைந்ததும் அந்தப் பெரிய சீட்டுகள். ஒரு சீட்டுக்கு எங்கள் வீட்டுக் கட்டில் அளவு இடம். முன்னால் எவன் முதுகும் இல்லை. கால் வைக்கத் தனியாக ஒரு மேடை, அதற்கு மெத்தை. என் சீட்டு நம்பர் பின்னால் என்று எனக்குத் தெரியும். நான் பின்னால் போகத்தான் போனேன். ஆனால் காலி பஸ், நல்ல சீட்டு, தோளில் துண்டு. கை தானாகப் போட்டுவிட்டது.

பின்னால் போய் என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கால் உள்ளே போனது. வலது கால் போகவில்லை. முன் சீட்டுக்கும் என் இடுப்புக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒரு தேங்காயை வைக்கலாம். முட்டியை வைக்க முடியாது. நடைபாதையில் நீட்டினேன். விமானத்துப் பெண் வந்து, சாப்பாட்டு வண்டி வரும், காலை உள்ளே எடுங்கள் என்று கையால் காட்டினாள். எடுத்து எங்கே வைப்பது என்று நானும் கையால் கேட்டேன். அதற்கு அவளிடம் சைகை இல்லை.

அப்போது முன்னால் ஏதோ அடைப்பு. ஜனம் நகரவில்லை. வாசல்வரை வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் தமிழ்ப் பெண். "யாராவது முன்னாடி துண்டு போட்டீங்களா?"

கையைத் தூக்கினேன்.

கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். பெரிய சீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி. அது அவர் சீட்டு. டிக்கெட் கையில் இருக்கிறது. ஆனால் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் பெட்டியோடு நிற்கிறார்கள். விமானத்துப் பெண் துண்டை எடுக்கக் குனிந்தபோது, தொடாதே என்று தடுத்தாராம்.

"துண்டு உங்களுதா?" என்றார்.

"ஆமாங்க."

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை."

"நெனச்சேன். எனக்கு சேத்துப்பட்டு."

தெரியாமல் போட்டுவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன் என்று குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்ட துண்ட எடுக்கறதாவது. போளூர் பஸ்ல ஒருத்தன் துண்ட எடுத்ததுக்கு எங்க சித்தப்பாவுக்கு முன் பல்லு ரெண்டும் போச்சு. கால்ல என்ன?"

சொன்னேன். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதையும் சொன்னேன். கூடப் பிறந்தவனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் விமானத்துப் பெண்ணிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்தத் தமிழ்ப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். டிக்கெட் என்னுடையது, சீட்டு இவருடையது, இதில் பேச ஒன்றும் இல்லை என்றாராம்.

பக்கத்துப் பெரிய சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவைமேல் சுவெட்டர். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் மயிலாப்பூர். துண்டுச் சட்டம் தெரியாது. "முப்பது வருஷமா லண்டன்ல இருக்கார். ஒரு துண்டப் பாத்ததும் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டார்" என்று பொதுவாகச் சொன்னார்.

மேலதிகாரி ஒருவர் வந்தார். இரண்டு டிக்கெட்டையும் பார்த்தார். துண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மாற்றுவதற்கு விதி இருக்கிறதா என்று யாரிடமோ போனில் கேட்டார். அதற்குள் பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. வாசலுக்கு வெளியே நின்ற ஒருவர், பஞ்சர் ஒட்டுகிறார்களா என்று கேட்டது எனக்கே கேட்டது. மேலதிகாரி போனை வைத்துவிட்டு, யாராவது எங்கேயாவது உட்காருங்கள் என்றார். கண்டக்டர் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சேத்துப்பட்டுக்காரர் என் சீட்டு நம்பரைக் கேட்டுக்கொண்டு பின்னால் போனார். நடையில் ஒரு வேகம் இருந்தது. அவ்வளவு வேகம் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சாப்பாடு வந்தபோது புரிந்தது. வெள்ளைத் துணி விரித்தார்கள். பீங்கான் தட்டு, முள் கரண்டி. மூடியைத் திறந்தால் வேகவைத்த கேரட், பச்சையாகக் குட்டி மரம் மாதிரி ஒரு காய், உப்பில்லாத சோறு நாலு கரண்டி. பக்கத்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தன் வீட்டுக்காரருக்கு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் இருக்கிறது, அதற்காக முன்கூட்டியே சொல்லி வைத்த சாப்பாடு, அந்த சீட்டுக்குத்தான் வரும் என்றார்.

"சாப்பிடுங்கோ. வீணாக்கக் கூடாது."

சாப்பிட்டேன். டிராக்டர் விலைச் சீட்டில் பத்தியச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் இதைச் சும்மா போட்டார்கள்.

நடுவில் சேத்துப்பட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். சௌகரியமா என்று கேட்டார். வாயோரம் ஜீரா பளபளத்தது. பின்னால் குலாப் ஜாமூன் கொடுத்தார்களாம். பக்கத்தில் இருந்த இருவர் தங்களுடையதையும் தந்துவிட்டார்களாம். முன் சீட்டு ஆள் அவர் மடிமேல் சாய்ந்து தூங்குகிறானாம். "பழைய பஸ் மாதிரியே இருக்குதுங்க" என்றார். இவ்வளவு சந்தோஷமான ஆளை நான் பெரிய சீட்டில் ஒருத்தரிடமும் பார்க்கவில்லை. அந்த அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். பெல்ட் விளக்கு எரிந்துவிட்டது. சேத்துப்பட்டுக்காரர் தப்பித்துப் போனார்.

அந்தச் சீட்டுக்கு அவ்வளவு விலை தகுமா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு போர்வை, ஒரு தலையணை. ஒரு பையில் பல் தேய்க்கும் பிரஷ், காலுறை, கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. கூப்பிட்டால் ஓடிவருகிறார்கள். கூப்பிடாவிட்டாலும் வருகிறார்கள், அது கொஞ்சம் தொந்தரவு. முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவனுக்கு முன்பே லண்டன் போய்ச் சேருகிறான். ஐம்பது அடி முன்பாக. மற்றபடி கால் நீளுகிறது. அவ்வளவும் கால் நீளுவதற்கான விலைதான்.

சீட்டின் கையில் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினேன், முதுகு போனது. இன்னொன்றை அமுக்கினேன், கால் எழுந்தது. நிறுத்தத் தெரியவில்லை. திருவிழா ராட்டினத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஏறி இறங்கினேன். அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி ஒரே அமுக்கு அமுக்கினார். சீட்டு கட்டிலாகிவிட்டது. நானும் நீட்டிப் படுத்துவிட்டேன். படுத்தவன்தான். மெத்தை அப்படி. வேங்கிக்கால் டாக்டரின் முதல் பாதி நினைவில் இருந்தது, மடக்கி வைக்கக் கூடாது என்பது. இரண்டாம் பாதி மெத்தையில் அமுங்கிவிட்டது.

லண்டனில் இறங்கும்போது காலை மடக்கினேன். மடங்கவில்லை. கம்பியாக நிற்கிறது. யோசிக்கக்கூட இல்லை. சேத்துப்பட்டுக்காரர் பின்னாலிருந்து வந்தார். வழியெல்லாம் மடங்கியே இருந்த கால். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டினார், நல்லாத்தான் இருக்கிறது என்று. அவர் மனைவி அவர் சட்டைமேல் இருந்த ஜீராவைத் துடைத்தார், கொஞ்சம் பலமாக.

ரமேஷ் கார் கொண்டு வந்திருந்தான். சின்ன கார். நான் பின் சீட்டில் குறுக்காகச் சாய்ந்து, காலை முன் சீட்டுகளுக்கு நடுவே நீட்டினேன். பாதம் கியர் பக்கத்தில் இருந்தது. கியர் போடும்போதெல்லாம் அவன், சாரி அண்ணே என்றான். லண்டனில் சிக்னல் ஜாஸ்தி. வீடு வருகிறவரை என் காலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

வீட்டில் கம்பளத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் சோபாவில், கால் நீட்டி. ரமேஷ் பேசிக்கொண்டே தரையில் சம்மணம் போட்டான். வேண்டுமென்று போடவில்லை. ஆனால் அப்படி ஒரு சம்மணத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு முட்டியும் தரையைத் தொட்டன. யாழினி எங்கிருந்தோ வந்து, நாற்காலியில் உட்காருகிற மாதிரி அவன் மடியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். மாமாவிடம் போ என்று சுமதி சொன்னாள். குழந்தை ஆங்கிலத்தில் ஒன்று சொன்னது. எல்லாரும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள். என்ன என்று கேட்டேன். நான் உடைந்திருக்கிறேனாம், சரி பண்ணிவிட்டு வருகிறாளாம்.

மறுநாள் வைத்தியம். வெந்நீர்ப் பை. நல்லெண்ணெய். சுமதி முட்டியைப் பிடித்து அழுத்தினாள். பிரபு பாதத்தைப் பிடித்துத் தள்ளினான். கொஞ்சம் மடங்கியது. விட்டதும் திரும்பி வந்து நின்றது. கஸ்தூரிக்குப் போன் போட்டேன். ஒரு மல்லாட்டை மூட்டை வாங்கி மடியில் வைத்துப் பாருங்கள் என்றாள். லண்டனில் மல்லாட்டையைக் கைப்பிடி அளவுப் பொட்டலத்தில், உப்புப் போட்டு விற்கிறார்கள். மடியில் வைத்துப் பார்த்தேன். எடை பத்தவில்லை. தின்றுவிட்டேன்.

நடந்தால் இறங்கும் என்று ரமேஷ் சுரங்க ரயிலில் கூட்டிப் போனான். கம்பைப் பார்த்ததும் மூன்று பேர் எழுந்தார்கள். மூன்று சீட்டும் காலி. ஒன்றில்தான் நான் உட்கார முடியும். எழுந்தவர்களுக்கும் மறுபடி உட்கார வெட்கம். மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தார்கள். நம் ஊரில் இரண்டு காலி சீட்டு இப்படி ஒரு ஸ்டாப்பிங்கைத் தாண்டாது. நீட்டிய காலை ஒவ்வொருவரும் கவனமாகத் தாண்டினார்கள், தாண்டும்போது என்னிடமே மன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தரும் மிதிக்கவில்லை. முட்டி அப்படியே இருந்தது.

திரும்பி வந்தபோது பிரபுவும் சுமதியும் சமையலறையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். பிரபு என்னிடம் வந்தான். கோயிலில் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, பேருக்கு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், குழந்தை ரமேஷ் மடியில் உட்காரட்டும் என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சுமதி கரண்டியோடு வந்து நின்றாள். "நீ உட்கார்லன்னா குத்தவே வேணாம்ணா. அவளுக்கு வெறுங்காது இருக்கட்டும்."

ரமேஷ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

கோயில் நாள் வந்தது. அந்தக் கோயில் முன்பு ஏதோ நாட்டியக் கூடமாம். இலங்கைத் தமிழர்கள் வாங்கிக் கோயிலாக்கியிருக்கிறார்கள். ஒரே கூரை, ஒரே கூடம். வெளியே குளிர் என்பதால் எல்லாச் சாமியையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். எதிரே முருகன், சுற்றிச் சுவரோரமாக மற்றவர்கள். தரைக்கு அடியில் சூடு ஓடுகிறது. என் முட்டிக்கு இதமாக இருந்தது. அவ்வளவுதான், மடங்கவில்லை.

கூடத்தின் நடுவில் ஜமக்காளம். இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி உட்கார்ந்தேன். மடி பாதிதான் இருந்தது. பாதி போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குருக்கள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என் காலைப் பார்த்தார். கால் முடியும் இடத்துக்கு நேராக முருகனைப் பார்த்தார்.

"அண்ணை, சாமிக்கு நேர காலை நீட்டாதேங்கோ."

நியாயம்தான். எங்கள் ஊரிலும் மலை இருக்கும் பக்கம் காலை நீட்டிப் படுக்க மாட்டோம். இடப்பக்கம் திரும்பினேன். அங்கே அம்மன். இன்னும் கொஞ்சம் திரும்பினேன். பிள்ளையார். வலப்பக்கம் திரும்பினால் நவக்கிரகம், ஒன்பது பேர் ஒட்டுமொத்தமாக. வாசல் பக்கம் திருப்பினால் மூலையில் பைரவர். என்னை உட்கார்ந்த வாக்கிலேயே பிரபுவும் இன்னொருவரும் ஜமக்காளத்தோடு சுற்றினார்கள். நான் திரும்பத் திரும்ப என்னோடு தாம்பாளம், சீர் தட்டு, கேமராக்காரர், காது குத்தும் அம்மா எல்லாரும் சுற்றி வந்தார்கள். ஒரு சுற்று முடிந்து மறுபடி முருகனுக்கு நேராகவே வந்துவிட்டேன். ஊரில் மலை ஒரு பக்கம்தான். இங்கே எல்லாப் பக்கமும் மலை.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கதிரை கொண்டு வரட்டோ என்று ஒரு இலங்கை அம்மா கேட்டார், நாற்காலியைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் இன்னும் உயரும், முருகன் முகத்துக்கே போகும். காலைப் போர்வையால் மூடலாம் என்றார் ஒருவர். சாமிக்குப் போர்வைக்கு உள்ளேயும் தெரியும் என்றார் குருக்கள். அவருக்கும் கோபமில்லை, அவசரம். அடுத்த காதுகுத்துக்காரர்கள் பூமாலையோடு சுவரோரம் வந்து நின்றுவிட்டார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. யாழினி சுமதியின் இடுப்பில் இருந்துகொண்டு நான் சுற்றுவதைச் சந்தோஷமாகப் பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள்.

பிரபு ரமேஷைப் பார்த்தான். சுமதி தரையைப் பார்த்தாள். நான் எழுந்துவிடலாம் என்று கம்பைத் தேடினேன். கம்பு செருப்பு விடும் இடத்தில் இருந்தது.

ரமேஷ் வந்தான். பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எனக்கு எதிரில் சம்மணம் போட்டான். அதே சம்மணம். சுமதி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள், கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி. அவன் குழந்தையைக் கேட்கவில்லை. என் வலது பாதத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"இப்ப அண்ணன் கால் என்னப் பாத்துதான் நீட்டியிருக்குது. சாமியப் பாத்து இல்ல" என்றான் குருக்களிடம்.

குருக்கள் என் பாதத்தைப் பார்த்தார். அவன் வயிற்றைப் பார்த்தார். அவனுக்கு நல்ல தொந்தி. பின்னால் இருந்த முருகனுக்கு என் கால் தெரிய வழியில்லை. "சரி, இருத்துங்கோ" என்றார்.

சுமதி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். குழந்தை நெளிந்தது. எதிரில் ரமேஷ் முகம் தெரிந்தது. சரி என்று இருந்துவிட்டது. மூட்டையைவிடக் கனம் கம்மி. ஆனால் சூடாக இருந்தது. அதற்கு நான் பயிற்சி எடுக்கவில்லை.

முதல் காது. குழந்தை கத்தியதில் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். என்னை உதைத்தது, தாடையில் இடித்தது. நான் பிடித்துக்கொண்டேன். என் கால் துள்ளியது. ரமேஷ் அதைப் பிடித்துக்கொண்டான், பெருவிரலை நசுக்குகிற மாதிரி. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. இரண்டாவது காது. முடிந்தது. சுமதி இரண்டு காதிலும் சந்தனம் வைத்தாள். என் பக்கம் பார்க்காமலே என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அழுது அழுது குழந்தை என் நெஞ்சில் சாய்ந்தது. விசும்பல் நின்றது. மூச்சு சீரானது. தூங்கிவிட்டது. குருக்கள் எங்களைப் பார்த்தார். அடுத்த குடும்பத்தைப் பார்த்தார். அவர்கள் குழந்தையின் மாமனும் இந்த ஜமக்காளத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். குருக்கள் அவர்களுக்கு வேறு ஜமக்காளம் எடுக்கப் போனார்.

ரமேஷ் மெதுவாகக் கூப்பிட்டான்.

"அண்ணே. எனக்குக் கால் மரத்துப்போச்சு. எழுந்துக்க முடியல."

"இரு" என்றேன். "கொழந்த தூங்குது."